களைப்பு எங்கிருந்து வருகிறது? நர்ஸ்களுக்கான கோபன்ஹேகன் படிவம்: ஒரு மதிப்பீடு

“இந்த வேலையே வேண்டாம்” என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் நாலைந்து வாக்கியங்கள் கலந்து கிடக்கும். உடம்பு தாங்கவில்லை என்பது ஒன்று. இந்த வார்டு வேண்டாம் என்பது இன்னொன்று. இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு பாடு முடியாது, நோயாளியோடு வந்தவர்களின் ஏச்சைக் கேட்க முடியாது, பெட்டில் இருப்பவர் முனகினாலும் மனசு அசைய மாட்டேன் என்கிறது என்பவையும் உள்ளே இருக்கலாம். வெளியே வருவது ஒரே பேச்சு, எழுதப்படுவது ஒரே ராஜினாமாக் கடிதம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ரோஸ்டரால், அதாவது டூட்டி அட்டவணையால், வந்த களைப்புக்குத் தொழிலையே விட்டவர்கள் உண்டு. தொழிலே ஒத்துவராதவர் பத்து நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்பதும் உண்டு.

இந்தக் கலவையைப் பிரித்துக் காட்டக்கூடிய கருவிகளில் நர்ஸ்களின் கைக்கு எளிதாக வருவது கோபன்ஹேகன் பர்ன்-அவுட் இன்வென்டரி. பர்ன்-அவுட் என்பது வேலையில் எரிந்து தீர்ந்துபோன நிலை. மொத்தம் 19 கேள்விகள். நிரப்ப ஐந்து நிமிடம் போதும். விலை கிடையாது. டென்மார்க்கில் 1997இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வுக்காக டாகே கிறிஸ்டென்சனும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். முதல் சுற்றில் 1,914 பேர் நிரப்பினார்கள். எல்லாரும் மனிதர்களைப் பராமரிக்கும் சேவைத் துறைகளில் வேலை பார்த்தவர்கள். விவரங்கள் 2005இல் ஆய்விதழில் வெளியாயின. அதன் பிறகு பல நாடுகளில் நர்ஸ்களிடம் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதன் பலம் அதன் அமைப்பில்தான் இருக்கிறது. எவ்வளவு களைப்பு என்று கேட்டதோடு நிற்காமல், அந்தக் களைப்பை நீங்கள் எதன் கணக்கில் எழுதுகிறீர்கள் என்றும் கேட்கிறது. முதல் 6 கேள்விகள் பொதுவான களைப்பைப் பற்றியவை: எத்தனை தடவை அசதியாக இருக்கிறது, உடம்பு ஓய்ந்துபோகிறது, மனசு ஓய்ந்துபோகிறது, இனி தாங்காது என்று தோன்றுகிறது, சீக்கிரம் நோய் வந்துவிடும்போல இருக்கிறது என்ற வகை. அடுத்த 7 கேள்விகள் வேலையால் வரும் களைப்பு: டூட்டி முடியும்போது எப்படி இருக்கிறது, இன்னொரு நாள் வேலைக்குப் போக வேண்டுமே என்ற நினைப்பிலேயே காலையில் அலுப்பு வருகிறதா என்பன. கடைசி 6 கேள்விகள் நோயாளிகளோடு பழகுவதால் வரும் களைப்பு. இந்த மூன்றுக்கும் மூன்று தனி மதிப்பெண். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் படிவத்தின் பயனே போய்விடும். கல்லூரி புராஜெக்ட்களில் அதிகம் நடக்கும் தவறு அதுதான்.

மதிப்பெண் போடுவது சுலபம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள்: எப்போதும் என்றால் 100, அடிக்கடி 75, சில நேரம் 50, அரிதாக 25, இல்லவே இல்லை அல்லது அநேகமாக இல்லை என்றால் 0. சில கேள்விகள் ‘எத்தனை தடவை’ என்று கேட்காமல் ‘எந்த அளவுக்கு’ என்று கேட்கும். அங்கேயும் மிக அதிக அளவுக்கு என்பதற்கு 100இல் தொடங்கி அதே ஐந்து படிகள். ஒரு பகுதியின் எண்களைக் கூட்டி, விடை எழுதிய கேள்விகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பாதிக் கேள்விகளுக்குக்கூட விடை இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடக்கூடாது.

சிக்குவது ஒரே ஒரு இடத்தில். வேலைப் பகுதியில் ஒரு கேள்வி மட்டும் தலைகீழ்: ஓய்வு நேரத்தில் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் இருக்கப் போதிய தெம்பு இருக்கிறதா என்பது. இதற்கு ‘எப்போதும்’ என்றால் 0, ‘இல்லவே இல்லை’ என்றால் 100. எக்செல்லில் ஃபார்முலா போடுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. வேலைப் பகுதியில் ஒருவருடைய முதல் ஆறு விடைகள் 75, 50, 75, 100, 75, 50. தலைகீழ்க் கேள்விக்கு ‘அரிதாக’ என்று குறித்திருக்கிறார், ஆகவே அதற்கு 75. கூட்டினால் 500, ஏழால் வகுத்தால் 71.4. திருப்ப மறந்து 25 என்று போட்டால் 64.3 ஆகிவிடும். ஒரே கேள்வியில் ஏழு புள்ளி நழுவிவிட்டது. இவருடைய பொதுக் களைப்பு 75, 75, 50, 25, 50, 50, சராசரி 54.2. நோயாளிப் பகுதி 25, 25, 50, 50, 25, 0, சராசரி 29.2.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலை 71, நோயாளி 29. இவருக்கு நோயாளிகள் அலுக்கவில்லை. அவர்களைச் சுற்றி மருத்துவமனை கட்டிவைத்திருக்கும் ரோஸ்டர், ரெஜிஸ்டர், இண்டெண்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு), தொலைபேசி, ஆள்பற்றாக்குறை ஆகியவைதான் இவரை உறிஞ்சுகின்றன. இவர் நர்சிங்கை விட்டு வேறு தொழிலுக்குப் போனால், தன்னைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரே நல்ல பகுதியையும் விட்டுவிட்டுப் போவார். எண்கள் மாறி, வேலை 45, நோயாளி 70 என்று வந்திருந்தால் பேச்சே வேறு. அவருக்கு ரோஸ்டரைச் சரிசெய்தும் பெரிய பயன் இல்லை. கொஞ்ச காலமாவது படுக்கைப் பக்கத்தை விட்டு விலகி இருக்க வேண்டியவர் அவர்.

எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்ற கேள்வி உடனே வரும். 50க்கு மேல் என்று பலர் கோடு போடுகிறார்கள். ஒரு வார்டை இன்னொரு வார்டோடு ஒப்பிட அது உதவும். ஆனால் 49 நலம், 51 நோய் என்று படிக்கக்கூடாது. ஒரே ஒரு கேள்விக்கு ஒரு கட்டம் தள்ளி டிக் அடித்தாலே பொதுப் பகுதியில் 4 புள்ளிக்குமேல் நகரும், வேலைப் பகுதியில் மூன்றரைக்குமேல் நகரும். ஆகவே இரண்டு மாதம் கழித்து மீண்டும் நிரப்பி 5 புள்ளி குறைந்திருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 10, 15 என்று நகர்ந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று நம்பலாம்.

தமிழில் நிரப்பும்போது

படிவத்தை ஆங்கிலத்திலேயே கொடுத்தால் பெரும்பாலான நர்ஸ்கள் நிரப்பிவிடுவார்கள். சிக்கல் புரியாமை அன்று, புரிகிற விதம். டயர்ட், வோர்ன் அவுட், எக்ஸாஸ்டட் என்று ஆங்கிலம் மூன்று படிகளாகப் பிரிப்பதைக் கேட்கிறவர் மூன்றையும் ‘டயர்டா இருக்கு’ என்றே எடுத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் டிக் விழும். தமிழில் ‘அசதி’, ‘ஓய்ந்துபோதல்’, ‘முழுக்கச் சோர்ந்துபோதல்’ என்று பிரித்து எழுதினால் விடைகள் பிரிந்து வருகின்றன. ‘ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்பதற்கு அகராதியைப் பார்த்து ‘விரக்தி’ என்று போட்டால் அளவுக்கு மீறிக் கனத்துவிடும். தமிழில் விரக்தி என்பது வாழ்க்கையே வேண்டாம் என்னும் இடம். ‘எரிச்சலும் சலிப்பும்’ என்பதுதான் நெருக்கம்.

அந்தத் தலைகீழ்க் கேள்வியில் இன்னொரு குழி இருக்கிறது. டூட்டி முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் ‘குடும்பத்தோடு இருக்கத் தெம்பு இருக்கிறதா’ என்றால், ‘எப்போதும்’ என்று எழுதிவிடுவார். தெம்பு இருந்ததால் எழுதவில்லை. சமைக்க வேண்டும், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தர வேண்டும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். செய்தே ஆகவேண்டியதைச் செய்வதைத் தெம்பு என்று கணக்கு எழுதுகிறார். கேள்வியை ‘வீட்டு வேலையெல்லாம் போக, பிடித்தவர்களோடு சிரித்துப் பேசத் தெம்பு மிச்சம் இருக்கிறதா’ என்று விளக்கிக் கொடுத்தால்தான் சரியான விடை வரும்.

நோயாளிப் பகுதியில் ‘திரும்பக் கிடைப்பதைவிட அதிகம் கொடுப்பதாகத் தோன்றுகிறதா’ என்று ஒரு கேள்வி உண்டு. சேவை என்ற சொல்லோடு வளர்க்கப்பட்ட நர்ஸ் இதற்கு ஆமாம் என்று எழுதவே கூச்சப்படுவார். பயிற்சிக் காலத்தில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தவருக்கு, பலனைப் பற்றிப் பேசுவதே தப்பு என்று படும். இந்த ஒரு கேள்வியில் எண் குறைவாக வந்தால் அதை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

இந்தப் பகுதியில் மூலப் படிவம் ‘கிளையன்ட்’ என்ற சொல்லைத்தான் வைத்திருக்கிறது. இடத்துக்குத் தக்கபடி நோயாளி, மாணவர் என்று மாற்றிக்கொள்ளலாம். நம் வார்டுகளில் அது மட்டும் போதவில்லை. ஒரு பெட்டுக்கு மூன்று பேர் கூட இருக்கிறார்கள். டிரிப்ஸ் ஏன் நின்றது, டாக்டர் எப்போது வருவார், பக்கத்து பெட்டுக்கு மட்டும் ஏன் ஊசி போட்டார்கள் என்று கேட்பவர்கள் அவர்கள்தாம். நோயாளியிடம் 25 இருக்கிற நர்ஸுக்கு அவர்களிடம் 90 இருக்கலாம். ஆகவே இந்த ஆறு கேள்விகளை மட்டும் இரண்டு தடவை நிரப்புவது நல்லது: ஒரு தடவை நோயாளியை நினைத்து, இன்னொரு தடவை கூட இருப்பவர்களை நினைத்து. இரண்டாவது எண்ணை வெளி ஆய்வுகளின் எண்களோடு ஒப்பிட முடியாது, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தால் தீர்வு நர்ஸின் மனசில் இல்லை. பார்வையாளர் நேரம், வாசல் காவல், தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் டாக்டர் உறவினர்களிடம் பேசும் ஏற்பாடு என்று நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

இன்னொரு குறை, எத்தனை நாள் கணக்கு என்று படிவம் சொல்வதில்லை. நைட் முடித்துவிட்டுக் காலை 8 மணிக்கு நிரப்பினால் ஓர் எண், டே ஆஃப் முடிந்து வந்து நிரப்பினால் இன்னோர் எண். ‘கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பதில் சொல்லுங்கள்’ என்று மேலே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தடவையும் ரோஸ்டரின் ஒரே இடத்தில், உதாரணமாகக் காலை டூட்டியின் இரண்டாம் நாளில், நிரப்புங்கள்.

வார்டு முழுக்கக் கொடுக்கும்போது கெடுவது

தனியாக நிரப்பிப் பார்ப்பது ஒரு விதம். நர்சிங் சூப்பரிண்டெண்ட் முப்பது பேரிடம் கொடுப்பது வேறு விதம். அங்கே படிவத்தைக் கெடுப்பது பயம். பெயர் எழுதச் சொன்னால், எல்லாரும் நலம் என்ற முடிவுதான் வரும். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வயது, அனுபவம், வார்டு, திருமணம் என்று நாலு கட்டம் வைத்தாலும் அதே கதிதான். எட்டுப் பேர் இருக்கும் டயாலிசிஸ் யூனிட்டில் ‘வயது 42, 18 ஆண்டு அனுபவம்’ என்றால் ஆளின் பெயரை எழுதியதற்குச் சமம். கையெழுத்துக்கூடக் காட்டிக்கொடுக்கும், டிக் மட்டும் போதும், எழுத வேண்டிய இடமே வைக்காதீர்கள். பூட்டிய பெட்டியில் போடட்டும். பத்துப் பேருக்குக் குறைவான பிரிவின் எண்ணைத் தனியாக வெளியிட வேண்டாம், பக்கத்துப் பிரிவோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

19 கேள்விகளையும் அடுத்தடுத்து அச்சடித்தால் நிரப்புகிறவருக்கு என்ன அளக்கிறார்கள் என்று மூன்றாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும், கை ஒரே வரிசையில் ஓடும். பகுதி வாரியாக வைக்காமல் கலந்து வையுங்கள், தூக்கம், முதுகுவலி, சாப்பாட்டு நேரம் பற்றிய கேள்விகளை நடுநடுவே செருகுங்கள் என்பது படிவத்தை உருவாக்கியவர்களே சொன்ன யோசனை. கலந்தால் எந்தக் கேள்வி எந்தப் பகுதி என்ற சாவியை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, முடிவு வந்ததும் ஒரு யோகா வகுப்பு வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வது. வேலைப் பகுதி 70 வந்த வார்டுக்கு மூச்சுப்பயிற்சி வகுப்பு, அதுவும் நைட் முடித்தவர்களை வீட்டுக்கு விடாமல் உட்கார வைத்து நடத்தும் வகுப்பு, தண்டனைதான். மறுமுறை யாரும் உண்மை எழுத மாட்டார்கள். ரோஸ்டரில் ஒரு வரியாவது மாற்ற அதிகாரமோ மனசோ இல்லாத நிர்வாகம் இந்தப் படிவத்தை விநியோகிக்காமல் இருப்பதே மேல்.

மற்ற இரண்டு படிவங்களோடு வைத்துப் பார்த்தால்

எல்லாருக்கும் தெரிந்த பெயர் மாஸ்லாக் இன்வென்டரி. கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்டது. 22 கேள்விகள்: உணர்ச்சிக் களைப்புக்கு 9, நோயாளியை மனிதராகப் பார்க்காமல் விலகிப்போவதற்கு 5, சாதித்த நிறைவுக்கு 8. ‘ஒருபோதும் இல்லை’யில் தொடங்கி ‘தினமும்’ வரை, 0 முதல் 6 வரை மதிப்பெண். ‘வாரத்துக்கு ஒரு தடவை’, ‘மாதத்துக்குச் சில தடவை’ என்று திட்டமான விடைகள் இருப்பதால் கோபன்ஹேகனைவிட இங்கே குழப்பம் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்-அவுட்டை நோயாக அல்லாமல் வேலை சார்ந்த நிலையாக வகைப்படுத்தியபோது சொன்ன மூன்று கூறுகளும் இதன் மூன்று பகுதிகளை ஒட்டியே இருக்கின்றன.

ஆனால் இது விற்பனைச் சரக்கு. பிரதிக்கு இவ்வளவு என்று உரிமம் வாங்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பிரதியை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது உரிமை மீறல். இதில் உணர்ச்சிக் களைப்பு 27 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம் என்பதுபோல் பழைய கட்டுரைகளில் வரும் கோடுகளைக் கையேட்டின் நான்காம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இன்னும் அதை வைத்து ‘இத்தனை சதவீதம் பேருக்கு பர்ன்-அவுட்’ என்று எழுதுவது சரியல்ல. நோயாளிகளை உயிரில்லாத பொருள்போல நடத்துகிறேனா என்ற பொருளில் வரும் கேள்விக்கு, சூப்பரிண்டெண்ட் கையில் போகப்போகிற தாளில், ஆமாம் என்று எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

ஒரு விஷயத்தில் மட்டும் மாஸ்லாக் படிவமே மேல், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கோபன்ஹேகன் படிவம் களைப்பை மட்டும் பிடிக்கும், மரத்துப்போனதைப் பிடிக்காது. வேளைக்கு வருவார், லீவு போட மாட்டார், சார்ட்டெல்லாம் சரியாக இருக்கும், ஆனால் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ‘பெட் 14’ என்பார். முன்பு இப்படி இல்லாதவர் இப்படி ஆகியிருந்தால் அதுவும் பர்ன்-அவுட்தான். கேட்டால் களைப்பே இல்லை என்பார், மூன்று எண்ணும் 30க்குள் நிற்கும். பல ஆண்டுகள் ஒரே ஐசியூவில் இருந்த மூத்தவர்களிடம் இந்தப் படிவத்தை நம்பி விட்டுவிடக்கூடாது.

மூன்றாவது புரோகுவால். 30 கேள்விகள், கடந்த 30 நாள் கணக்கு, இதற்கும் விலை இல்லை. இதில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒன்று உண்டு: அடுத்தவரின் துயரத்தைப் பார்த்துப் பார்த்து நமக்குள் இறங்கும் அதிர்ச்சியைத் தனியாக அளக்கிறது. பர்ன்ஸ் (தீக்காய) வார்டு, கேஷுவல்டி, குழந்தைகள் ஐசியூ, ஒரு தாய் இறந்துபோன பிரசவ வார்டு ஆகிய இடங்களில் கோபன்ஹேகனைவிட இதைத்தான் கையில் எடுக்க வேண்டும். தூக்கத்தில் அந்தக் காட்சி திரும்ப வருவது, அந்த பெட் பக்கம் போகவே கால் தயங்குவது போன்றவை களைப்புக் கணக்கில் அடங்குவதில்லை. பணியில் கிடைக்கும் மனநிறைவு, பர்ன்-அவுட், இரண்டாம் நிலை அதிர்ச்சி என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றிலும் 10 கேள்விகள். கூட்டுத்தொகை 22க்குள் குறைவு, 23 முதல் 41 வரை நடுத்தரம், 42 அல்லது அதற்கு மேல் அதிகம். 1, 4, 15, 17, 29 ஆகிய ஐந்து கேள்விகளைத் தலைகீழாக்கிய பிறகே கூட்ட வேண்டும். நடுத்தரம் என்ற கட்டம் மிக அகலம்; அநேகமாக எல்லாரும் அதற்குள் விழுந்துவிடுவார்கள். அதனால்தான் பொது வார்டு நர்ஸுக்கு இதை முதல் படிவமாகச் சொல்ல முடியவில்லை.

எண் வந்த பிறகு

கோபன்ஹேகன் படிவத்தில் பொதுக் களைப்பு மட்டும் உயர்ந்து மற்ற இரண்டும் தாழ்வாக இருந்தால், முதலில் ரத்தப் பரிசோதனை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. நர்ஸ் யூனிஃபார்ம் போட்டதால் அந்தக் கணக்கிலிருந்து யாரும் விலகிவிடுவதில்லை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கிறதா, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் எப்படி, சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12 எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். நோயாளிக்கு தினமும் இந்த ரிப்போர்ட்டை எடுத்து வைப்பவர் தன்னுடையதைப் பார்த்து மூன்று ஆண்டு ஆகியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டூட்டி ரூம் டீயோடு சேர்த்து விழுங்குவது இன்னொரு வழக்கம். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

அதற்கடுத்து தூக்கம். காலை 6 மணி நேரம், மதியம் 6, இரவு 12 என்ற முறையில் ஓடும் மருத்துவமனைகளில் நைட் வாரத்தில்தான் பொதுக் களைப்பு ஏறுகிறது. விடியற்காலை 3 முதல் 5 வரை உடம்பின் தெம்பு அடிமட்டத்தில் இருக்கும். மருந்துப் பிழைக்கு அது ஆபத்தான நேரம். கூட ஒருவர் இருந்து மாறி மாறி 20 நிமிடம் கண்ணயர முடிந்தால் அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும். காபியை வீட்டுக்குப் போய்ப் படுக்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னதாக நிறுத்திவிட வேண்டும். காலை 9 மணிக்குப் படுப்பவருக்கு அதிகாலை 3 மணிதான் கடைசி. போகும் வழியில் கறுப்புக் கண்ணாடி, படுக்கும் அறையில் அடர்ந்த திரை, கதவில் ‘நைட் டூட்டி, எழுப்பாதீர்கள்’ என்று ஒரு அட்டை. கடைசியில் சொன்ன அட்டைதான் கூட்டுக் குடும்பங்களில் எல்லாவற்றையும்விடக் கடினம்.

வேலைப் பகுதி உயர்ந்தால் 14 நாள் ஒரு சின்ன டைரி போதும். ஒவ்வொரு டூட்டிக்கும் ஐந்தே எண்கள்: எத்தனை நோயாளி, எத்தனை புது அட்மிஷன், நர்ஸ் செய்ய வேண்டாத வேலைக்கு எத்தனை நிமிடம் போனது (பார்மசிக்கு நடந்தது, பில் கவுண்டருக்குப் போனது, கம்ப்யூட்டரில் ஸ்டாக் ஏற்றியது), ஹேண்டிங் ஓவர் (அடுத்த டூட்டிக்காரரிடம் ஒப்படைப்பது) முடிய எத்தனை நிமிடம் தாமதம், முந்தைய டூட்டிக்கும் இதற்கும் எத்தனை மணி நேர இடைவெளி. இரண்டு வாரம் கழித்து இந்தத் தாள் பேசும். ‘வேலை அதிகம் மேடம்’ என்று சொன்னால் ‘எல்லாருக்கும்தான்’ என்று பதில் வரும். ‘14 டூட்டியில் 11 டூட்டிக்கு 12 நோயாளிக்கு மேல், தினமும் 70 நிமிடம் பார்மசி வாசலில்’ என்று சொன்னால் அப்படிப் பதில் சொல்ல முடியாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு பொது வார்டில் கற்பிக்கும் மருத்துவமனைக்கு 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைக்கு 5க்கு ஒருவர், ஐசியூவில் ஒருவருக்கு ஒருவர், விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல். உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

ரோஸ்டரில் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, டூட்டிகள் காலை, மதியம், இரவு என்ற வரிசையில் முன்னோக்கி நகர்வது. இரவிலிருந்து மதியத்துக்குப் பின்னோக்கி வருவதை உடம்பு ஏற்பதில்லை. மதிய டூட்டி முடித்து மறுநாள் விடியற்காலை டூட்டிக்கு வரச்சொல்வதை நிறுத்துவது அடுத்தது. நடுவில் 11 மணி நேரமாவது வேண்டும். நைட் டூட்டி முடித்ததும் தரும் நைட் ஆஃப் தூங்குவதற்கே போய்விடும், அதை வார விடுமுறையாகக் கணக்குக் காட்டக்கூடாது. இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை என்பதால் பேசிப் பெறும் வாய்ப்பும் அதிகம்.

நோயாளிப் பகுதி உயர்ந்தால் இடமாற்றம். நர்சிங்குக்குள்ளேயே படுக்கைப் பக்கத்திலிருந்து தள்ளி இருக்கும் வேலைகள் இருக்கின்றன: தொற்றுக் கட்டுப்பாடு, தரக்கட்டுப்பாடு, சிஎஸ்எஸ்டி (கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவு), ஆபரேஷன் தியேட்டர், கற்பித்தல், பள்ளி மற்றும் தொழிற்சாலை மருத்துவ அறைகள். ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு இந்த ஆறு கேள்விகளை மறுபடி நிரப்புங்கள். எண் இறங்கிவிட்டால் தொழில் பிரச்சினை இல்லை, அளவு மீறிய நெருக்கம்தான் பிரச்சினை என்று தெரிந்துவிடும்.

இந்தப் படிவம் எவ்வளவு நிரப்பினாலும் காட்டாதது சம்பளம். உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைகளில் 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையாமல், 50க்கு மேல் என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையாமல், 50க்குக் கீழே என்றாலும் ரூ. 20,000க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை அப்படி, நடைமுறை எப்படி என்று ஒவ்வொரு நர்ஸின் வங்கிக் கணக்குக்கும் தெரியும். மூன்று எண்ணும் 40க்குள் இருந்தும் ‘இந்த வேலை வேண்டாம்’ என்று தோன்றினால், அது பர்ன்-அவுட் இல்லை, நியாயமான கோபம். அதற்குக் கவுன்சலிங் தேவையில்லை, நல்ல சம்பளம் தேவை. வேறு மருத்துவமனை, அரசுத் தேர்வு, வெளிநாடு என்று அதற்கான வழியைப் பார்க்கலாம். ஆனால் வேலைப் பகுதியில் 75 வைத்துக்கொண்டு, இரவில் மொழித் தேர்வுக்குப் படித்து, வெளிநாடு போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்று ஓடுவது வேறு கதை. அங்கேயும் 12 மணி நேர டூட்டிதான் காத்திருக்கும். முதலில் எண்ணை இறக்கிவிட்டுப் படிக்க உட்காருங்கள்.

இன்னும் ஓர் எல்லை. விடுமுறையிலும் மகிழ்ச்சி வரவில்லை, சாப்பாடு ருசிக்கவில்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு வேலைக்கு வெளியேயும் தொடர்கிறது என்றால் அது பர்ன்-அவுட்டைத் தாண்டிவிட்டது. மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இலவசம். மொத்தம் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே பேச வேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, 24 மணி நேரமும், தமிழிலும், கட்டணம் இல்லாமல். வேலை பார்க்கும் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று தயங்குபவர்களுக்கு இந்த எண் உகந்தது.

கோபன்ஹேகன் படிவத்தின் கடைசிக் கேள்வி, இன்னும் எத்தனை காலம் நோயாளிகளோடு இப்படி வேலை செய்ய முடியும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டா என்பது. இதைச் சராசரியில் சேர்த்துவிட்டு மறந்துவிடாமல் தனியாகக் குறித்து வையுங்கள். இரண்டு மாத இடைவெளியில் மூன்று தடவை நிரப்பியும், ரத்தம், தூக்கம், ரோஸ்டர், வார்டு எல்லாம் பார்த்த பிறகும் இது 100லேயே நிற்கிறது என்றால், போவது தப்பில்லை. அப்போது கடிதத்துக்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன. நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ் அவர்களிடம் இருந்தால் முதலில் அதைக் கையில் வாங்குங்கள். அனுபவச் சான்றிதழில் எந்த வார்டில் எத்தனை ஆண்டு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது. பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே எண்ணில் தொடருங்கள். வேறு தொழிலுக்கே போனாலும் நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடை உண்டு. நாலரை ஆண்டில் நிற்பவர் கடிதத்தில் தேதி போடுவதற்கு முன்னால் காலண்டரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.